புது உடைவு

டிரில் வழுக்காமல் இருக்கப் பஞ்ச் உளியால் அடித்து வைத்த புள்ளி சரியாக நடுவில்தான் விழுந்திருக்கிறதா, ஒரு முடி அளவு ஒதுங்கியிருக்கிறதா என்று தங்கமாரிக்குத் தீர்மானிக்க முடியவில்லை. காரின் வலது முன்சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, சக்கரம் இருந்த பள்ளத்துக்குள் தலையையும் ஒரு தோளையும் நுழைத்து, சின்னப் பலகை மேல் குந்தியிருந்தான். கம்பியில் கட்டித் தொங்கவிட்ட டார்ச் லேசாக ஆடியது, அது ஆட ஆட வெளிச்சமும் எஞ்சின் பிளாக்கின் மேல் இங்குமங்கும் நகர்ந்தது. தண்ணீர் பம்ப் உட்காரும் இடத்தில் ஐந்து ஓட்டைகள். நான்கு காலி. ஐந்தாவதற்குள் ஒரு போல்ட்டின் உடம்பு மட்டும் மாட்டிக்கொண்டு நின்றது, தலையில்லாமல், வாயிலிருந்து ஒரு நூல் உள்ளே தள்ளி. பத்தாம் நம்பர் ஸ்பானர் போடுகிற சின்னப் போல்ட். அதன் உடைந்த முகம் வெளிச்சம் படும்போதெல்லாம் மின்னியது. அப்படி மின்னுவதுதான் அவனைப் படுத்தியது. ஒரு போல்ட் முன்பே விரிசல் விட்டு நாளாகி உடைந்தால், விரிசல் ஓடியிருந்த பக்கம் கறுத்திருக்கும், துரு பூத்திருக்கும், கடைசிவரைக்கும் பிடித்துக்கொண்டிருந்த பக்கம் மட்டும்தான் வெள்ளையாக இருக்கும். இது முழுக்க வெள்ளை. இப்போதுதான் அறுத்த தேங்காய்ச் சில்லு மாதிரி வெள்ளை. நேற்று சனிக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு உடைந்த உடைவு. உடைத்தது அவன். ஆனால் வண்டிக்காரியிடம் சொன்னது வேறு.

வண்டி செண்பகவல்லியுடையது. முப்பத்தெட்டு வயது, அவளே ஓட்டுகிறாள். தினமும் காலை ஏழு மணிக்குக் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நான்கு டீச்சர்களை ஏற்றிக்கொண்டு, பஸ் ஒழுங்காகப் போகாத நான்கு ஊர்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிவருவாள். நாளைத் திங்கட்கிழமை பரீட்சை ஆரம்பம், வண்டி நின்றால் டீச்சர்களும் நிற்பார்கள், அடுத்த மாதம் வேறு வண்டி பார்த்துக்கொள்வார்கள், இதையெல்லாம் அவள் மூச்சுவிடாமல் சொல்லியிருந்தாள். பம்ப்பில் தண்ணீர் கசிகிறது என்றுதான் கொண்டுவந்தாள். போன மாதம் அந்தப் பம்ப்பைப் போட்டவர் பைபாஸ் பக்கம் ஷெட் வைத்திருக்கும் காஜா பாய். மகள் கல்யாணத்துக்குப் பூட்டிய ஷெட்டை அவர் இன்னும் திறக்காததால் இவனிடம் வந்தாள். கசிவு ஒன்றும் பெரிய விஷயமில்லை, நடுவில் வைக்கிற பேக்கிங் ஒரு இடத்தில் கிழிந்திருந்தது, புதுசு வைத்து ஐந்து போல்ட்டையும் முறுக்கினால் முடிந்தது. நாலு முறுக்கினான். ஐந்தாவது முறுக்கும்போது டக்கென்று ஒரு சத்தம், ஸ்பானர் லேசாகிவிட்டது, அவ்வளவுதான். வாசலில் நின்றிருந்த செண்பகவல்லி, ‘என்ன அண்ணாச்சி சத்தம்?’ என்றாள். அதற்கு அவன் வாயிலிருந்து வந்ததை இப்போது நினைத்தாலும் அவனுக்கு யாரோ பின்னாலிருந்து பேசியது போலத்தான் இருக்கிறது. ‘முன்னாடி பார்த்தவரு அளவுக்கு மீறி முறுக்கியிருக்காரும்மா. போல்ட்டு உள்ளேயே விரிசல் விட்டிருக்கு. நான் கை வச்சதும் போயிருச்சு.’ முன்னாடி பார்த்தவர் என்றான். காஜா பாய் என்று சொல்லவில்லை. பேரைச் சொல்லாததில் ஒரு பெரிய நியாயம் இருப்பது போல நேற்றெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தான், நான் பேரே எடுக்கவில்லையே, நான் பேரே எடுக்கவில்லையே என்று. அவளுக்குப் பேர் தெரியாதா என்ன. உடைந்த தலையைச் சாயங்காலம் பழைய ஆயில் டிரம்முக்குள் போட்டான். போடும்முன் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். தன் ஷெட்டில், தன் டிரம்மில், ஒரு போல்ட் தலையைப் போடுவதற்கு.

டிரில்லை அழுத்தினான். பிட் புள்ளியில் உட்கார்ந்து, ஒரு சுற்று தடுமாறி, பிறகு பிடித்துக்கொண்டது. மெதுவாக, மெதுவாக. இரும்புப் போல்ட், சுற்றிலும் அலுமினியம். பிட்டுக்கு எப்போதும் மெத்தென்று இருக்கிற பக்கம்தான் ஆசை, கொஞ்சம் சாய்ந்தால் போல்ட்டை விட்டு விலகி அலுமினியத்துக்குள் இறங்கிவிடும், அப்புறம் ஓட்டைக்குள் வெட்டியிருக்கிற மரை போச்சு, அந்தப் பக்கச் சுவர் வேறு மெலிசு, தண்ணீர் ஓடுகிற அறை வரைக்கும் ஓட்டை விழுந்தால் பிளாக்கே போச்சு. ஒரு கண்ணை மூடி மேலிருந்து பார்த்தான், பக்கத்திலிருந்து பார்த்தான். கண்ணை நம்பித்தான் செய்தான், கையை நம்பவில்லை. கட்டை விரலும் அடுத்த இரண்டு விரலும் மூன்று மாதமாகவே அவனுடையவை போல இல்லை. முதலில் காலையில் எழுந்ததும் மரத்திருக்கும், உதறினால் சரியாகும். பிறகு உதறினாலும் சரியாகவில்லை. சட்டைப் பொத்தானைப் பார்க்காமல் போட முடியவில்லை. போன வாரம் சூடான டம்ளரைப் பிடித்தபடியே பேசிக்கொண்டிருந்தான், விரல் நுனி சிவந்து கன்றிப்போனது தெரியவில்லை. அவன் மனைவி முத்துக்கிளிதான் பார்த்துவிட்டு டம்ளரைப் பிடுங்கினாள். ‘சூடு தெரியலையா உங்களுக்கு?’ என்றாள். ‘பேச்சு மும்முரத்துல கவனிக்கல’ என்றான். அவள் அவன் விரல்களைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அழுத்தினாள், இங்கே தெரியுதா, இங்கே தெரியுதா என்று. எல்லாவற்றுக்கும் தெரியுது தெரியுது என்றான். அவள் அழுத்தாமலே கேட்ட கேள்விக்கும் தெரியுது என்றான். அவள் கையை விட்டுவிட்டு எழுந்து போனாள், திருநெல்வேலியில் நரம்பு டாக்டர் ஒருவர் இருக்கிறார் என்று அடுத்த நாள் சோறு போடும்போது சுவரைப் பார்த்துச் சொன்னாள். போகலாம். போனால் அவர் என்ன சொல்வார்? ஸ்பானரைத் தொடாதே என்று சொல்வார். ஐம்பத்திரண்டு வயதில் வேறு எதைத் தொடுவது? டிரில்லின் அதிர்வு மணிக்கட்டில் ஏறியது, முழங்கையில் ஏறியது, விரல்களில் மட்டும் இல்லை, விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பஞ்சுப் பொதி. சுருள் சுருளாக இரும்புத்தூள் வெளியே வந்து விழுந்தது. அந்த வெள்ளை முகம் நடுவிலிருந்து கரைந்துகொண்டே வந்தது, இப்போது வெறும் வளையம். இனி யார் வந்து பார்த்தாலும் இது புது உடைவா பழைய உடைவா என்று சொல்ல முடியாது. அந்த நினைப்பு வந்ததும் டிரில்லை நிறுத்தினான். நல்லதாயிற்று என்று மனசில் ஓடியது. போல்ட்டை எடுக்கத்தான் ஓட்டை போடுகிறோம், அழிப்பதற்கா போடுகிறோம், வேலை அப்படி, வேறு எப்படி எடுப்பது. யாரிடம் இந்த வக்காலத்து என்று அவனுக்கே தெரியவில்லை.

காலையில் ஒன்பது மணிக்கு செண்பகவல்லி போன் பண்ணினாள். ‘அண்ணாச்சி, பாய் இன்னிக்குத்தான் ஷெட்டத் திறந்திருக்காரு. போயி நல்லா நாலு வார்த்தை கேட்டுட்டுத்தான் வந்தேன்.’ குரலில் ஒரு திருப்தி இருந்தது, கேட்க வேண்டிய இடத்தில் கேட்டுவிட்ட திருப்தி. ‘எதுக்கும்மா அதெல்லாம்’ என்றான். அவ்வளவுதான் சொன்னான். அப்போதே சொல்லியிருக்கலாம். இல்லம்மா, அவர் மேல தப்பில்ல. நாலே வார்த்தை. அந்த நாலு வார்த்தைக்குப் பின்னால் மற்றது எல்லாம் வரிசையாக நின்றது, அப்ப யார் மேல தப்பு, ஏன் உடைஞ்சது, கைக்கு என்ன, இனிமே இவர்கிட்ட வண்டி விடலாமா. சாத்தூரில் ஒரே ஷெட்டில் அவனும் காஜா பாயும் பதினாறு வருஷம் வேலை பார்த்தார்கள். டைட் அளவு காட்டுகிற ஸ்பானர் அங்கே ஒன்றுதான், அதுவும் பாதி நாள் ரிப்பேர். காஜா பாய் போல்ட்டை முறுக்கிவிட்டு, ‘மாரி, வந்து ஒரு கை வச்சுப் பாரு’ என்பார். இவன் ஸ்பானரைத் தொட்டு ஒரு சுண்டு சுண்டுவான், போதும் பாய் என்பான், அல்லது இன்னும் ஒரு அரைக்கால் சுற்று என்பான். சோதித்துப் பார்த்தால் சரியாக இருக்கும். போல்ட் இழுபடுகிற இடம், இதற்கு மேல் தாங்காது என்று அது சொல்கிற இடம், விரலுக்குள் ஒரு சின்னக் கூச்சமாக வரும். அதை யாருக்கும் சொல்லிப் புரியவைக்க அவனால் முடிந்ததில்லை. நேற்று அது வரவில்லை. வரும் வரும் என்று காத்திருந்து முறுக்கிக்கொண்டே போனான். பெரிய பிட்டை மாற்றி மறுபடி டிரில்லைப் பிடித்தான். காஜா பாய் இப்போது என்ன செய்துகொண்டிருப்பார்? கோபத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருப்பாரா? வந்தால் நேராக டார்ச்சை வாங்கி உள்ளே பார்ப்பார். பார்க்க என்ன இருக்கிறது, வளையம்தான் இருக்கிறது. வரமாட்டார். வந்தால் கத்துவார், கத்தினால் தானும் கத்திவிடலாம், கத்திச் சண்டை போட்டுவிட்டால் சுலபம். வெளியே ஒரு பைக் வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரை மணி வெயிலில் யாரும் சும்மா வரமாட்டார்கள். பைக் ஸ்டாண்டு போடுகிற சத்தத்திலேயே ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. தங்கமாரி தலையை வெளியே எடுக்கவில்லை.

‘மாரி.’

கோபக் குரல் இல்லை. அதுதான் அவனுக்கு முதலில் பயத்தைக் கொடுத்தது.

‘வாங்க பாய்.’

காஜா பாய் பக்கத்தில் வந்து டயர் மேல் உட்கார்ந்தார். கல்யாணத்துக்குத் தைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார், தாடிக்கு மருதாணி வைத்த சிவப்பு இன்னும் போகவில்லை. ‘அந்தம்மா வந்துச்சு’ என்றார். ‘நல்லா கேட்டுச்சு. கேக்கணும், அதோட பொழப்புல்ல. நான் யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன் மாரி. அந்தப் பம்ப்பை மாட்டும்போது கல்யாண மண்டபத்துக்காரன் போன்ல. ஒரு கையில போன், ஒரு கையில ஸ்பானர். கடைசிப் போல்ட்டை அப்படித்தான் முறுக்குனேன். அப்பவே மனசுக்கு ஒப்பல. என் தப்புத்தான். பிளாக்குக்கு எதாவது ஆனா நான் பொறுப்பு ஏத்துக்கிடுதேன்னு அந்தம்மாகிட்டயும் சொல்லிட்டேன்.’

தங்கமாரிக்கு டிரில்லின் சுவிட்சிலிருந்து விரல் எடுத்தது நினைவில்லை, ஆனால் டிரில் நின்றிருந்தது. சண்டைக்கு வந்திருக்கலாம், நான் இல்லவே இல்லை என்று சத்தியம் பண்ணியிருக்கலாம், இந்த மனுஷன் பொய்யை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார். போன் பேசிக்கொண்டு முறுக்கினாராம். அந்தப் போல்ட்டைத் தங்கமாரிதான் நேற்றுக் கழற்றினான். சுத்தமாகக் கழன்று வந்தது, மரையில் ஒரு கீறல் கிடையாது. அதே போல்ட்டைத்தான் துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டினான்.

‘உள்ள பழைய விரிசல் தெரிஞ்சுதா? துரு இருந்துச்சா?’ என்று காஜா பாய் கேட்டார். குற்றம் கண்டுபிடிக்கக் கேட்கவில்லை. டாக்டரிடம் நோயாளி கேட்பது போலக் கேட்டார்.

‘இருந்துச்சு’ என்றான் தங்கமாரி.

‘ம்’ என்றார் அவர். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘வயசாயிருச்சு மாரி எனக்கு.’

நேற்றுச் சொன்னது வாய் தவறி வந்தது என்று வைத்துக்கொள்ளலாம், இது வாய் தவறி வந்ததில்லை. கேள்வி வந்தது, யோசிக்க நேரம் இருந்தது, ‘இல்ல’ என்கிற வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது, அதைத் தள்ளிவிட்டு ‘இருந்துச்சு’ என்றான். தங்கமாரி ஓட்டையைத் துடைத்தான், எண்ணெய் விட்டான், கேஸ் பர்னரைப் பற்றவைத்து ஓட்டையைச் சுற்றி அலுமினியத்தைச் சூடாக்கினான். செய்ய வேலை இருப்பது பெரிய ஆறுதல், ஒவ்வொன்றையும் இரண்டு தடவை செய்தான். பிறகு எக்ஸ்ட்ராக்டரை எடுத்தான். விரல் நீளத்தில் கூம்பாக, இடது பக்கம் சுற்றின மரையோடு இருக்கும் கெட்டி எஃகு. அதைப் போல்ட்டின் ஓட்டையில் தட்டி இறக்கி, கைப்பிடி போட்டு, கழற்றுகிற திசையில் திருப்ப வேண்டும். திருப்பத் திருப்பக் கடித்துக்கொண்டு போல்ட்டையும் சேர்த்துத் திருப்பும். ஆனால் அது கண்ணாடி மாதிரி. வளையாது, ஒரு அளவுக்கு மேல் போனால் முறிந்துவிடும். உள்ளே முறிந்தால் அதை எந்த டிரில்லும் தொடாது, அப்புறம் பிளாக்கை இறக்கித்தான் ஆக வேண்டும், அல்லது தூக்கிப் போட வேண்டும். முறியப்போகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. காதுக்குக் கேட்காது. விரலுக்குத்தான் தெரியும். தட்டி இறக்கினான். கைப்பிடியை மாட்டினான். திருப்பினான், கொஞ்சம் பிடித்தது. இன்னும் கொஞ்சம். போல்ட் அசைகிறதா, எக்ஸ்ட்ராக்டர் முறுகுகிறதா? இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தது, இரண்டுமே பஞ்சுக்குள் நடந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பலாம். இது முறிந்தால் யார் பொறுப்பு? காஜா பாய் பொறுப்பு. அவரே சொல்லிவிட்டார், வண்டிக்காரியிடமும் சொல்லிவிட்டார். தன் கையில் முறிந்தாலும் அவருடைய போன், அவருடைய வயசு, அவருடைய தப்பு. அவர் அதையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார். நெற்றி வேர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது, துடைக்கக் கையை எடுக்கப் பயமாக இருந்தது. மணிக்கட்டு நடுங்கத் தொடங்கியது. கைப்பிடியும் சேர்ந்து நடுங்கி, பிளாக்கில் பட்டு டிக் டிக்கென்றது.

‘என்ன மாரி, கை ஆடுது?’

‘பாய், இதை நீங்க திருப்புங்க.’

‘ஏன், நீதான் நல்லா...’

‘என் கையில உணர்வு இல்ல பாய். மூணு விரலும் செத்துப்போச்சு. மூணு மாசமாச்சு.’

‘அப்புறம் டிரில் போட்ருக்க?’

‘கண்ணால போட்டேன். இது கண்ணால முடியாது.’ தலையை வெளியே எடுத்தான். வெயில் வெளிச்சத்தில் ஒரு கணம் அவர் முகம் தெரியவில்லை, அதுவும் நல்லதுக்குத்தான் என்று இருந்தது. ‘நேத்தும் உணர்வு இல்ல.’

காஜா பாய்க்கு உடனே விளங்கவில்லை. அவன் கையைப் பார்த்தார். பிறகு ஓட்டையைப் பார்த்தார்.

‘அப்ப துரு?’

‘துரு இல்ல. முழுசும் வெள்ளையாத்தான் இருந்துச்சு. உங்க போல்ட்டு நல்லா இருந்துச்சு பாய், சுத்தமா கழண்டு வந்துச்சு. திரும்ப மாட்டும்போது நான்தான் முறுக்கி உடைச்சேன்.’

அடிப்பார் என்று தங்கமாரி நினைத்தான், அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தான். காஜா பாய் எழுந்தார். வெள்ளைச் சட்டையைக் கழற்றி பைக் கண்ணாடியில் மாட்டினார், பனியனோடு வந்தார். ‘தள்ளு’ என்றார். பலகையில் அவர் குந்த, தங்கமாரி டார்ச்சைப் பிடித்தான். அவர் கைப்பிடியை இரண்டு விரலால் பிடித்து, கால் சுற்று கழற்றுகிற பக்கம், கொஞ்சம் திரும்ப உள்ளே, மறுபடி கழற்றுகிற பக்கம் என்று அசைத்தார். ‘சூடு காட்டு’ என்றார். காட்டினான். ‘எண்ணெய்’ என்றார். விட்டான். பத்து நிமிஷம் இருக்கும், தங்கமாரிக்கு அது ஒரு பகலாக இருந்தது. அந்த முதுகு, பனியனுக்குள் தெரிந்த எலும்பு, ஒரு தடவைகூடத் திரும்பாத கழுத்து. உள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வந்தது, பிறகு இன்னொன்று. போல்ட் மரை மரையாக வெளியே வந்தது. காஜா பாய் ஓட்டைக்குள் சுண்டு விரலை விட்டுத் தடவினார். ‘மரைக்கு ஒண்ணும் ஆகல’ என்றார்.

பிறகு எழுந்து நின்றார். இப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தார்.

‘நீ உடைச்சதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. எவன் கையிலயும் உடையும். அந்தம்மா வந்து கத்தும்போது என் மருமவன் பக்கத்துல நின்னுட்டிருந்தாரு மாரி. கல்யாணம் ஆகி இருபது நாள் ஆகல. மாமா ஷெட்டப் பார்க்கணும்னு ஆசையா வந்திருக்காரு. அவரு முன்னாடி, உனக்கெல்லாம் எதுக்கு ஸ்பானருன்னு அது கேக்குது. நான் தலையைக் குனிஞ்சு, ஆமாம்மா தப்புத்தாங்கேன்.’ குரல் ஏறவில்லை, ஆனால் உடைந்தது. ‘இப்பக் கேட்டேன்ல, துரு இருந்துச்சான்னு. அப்பயாவது சொல்லியிருக்கலாம்லடா.’

தங்கமாரி கையைத் துடைத்தான். போனை எடுத்து, அவர் முன்னாலேயே செண்பகவல்லியைக் கூப்பிட்டான். போல்ட் வந்துவிட்டது என்றதும் அவள் சந்தோஷப்பட்டாள். அடுத்ததைச் சொன்னான்.

‘வண்டி நாளைக்கு ஓடுமா?’ என்றாள். இந்தத் தடவை அண்ணாச்சி என்று கூப்பிடவில்லை.

‘ஓடும்மா.’

‘புதுப் போல்ட்டை யாரு போடுவா?’

தங்கமாரி காஜா பாயைப் பார்த்தான். அவர் சோப்புத்தூளில் கை கழுவிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. ‘நான் போடுதேன்னு சொல்லு’ என்றார்.

‘பாய் போடுவாரு’ என்றான். அவள் போனை வைத்துவிட்டாள்.

மதியம் ஒன்றரைக்குள் பம்ப் ஏறியது, சக்கரம் ஏறியது, தண்ணீர் ஊற்றி எஞ்சினை அரைமணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஒரு சொட்டுக் கசிவில்லை. முறுக்கியதெல்லாம் காஜா பாய், எடுத்துக் கொடுத்ததெல்லாம் தங்கமாரி. கை வச்சுப் பாரு என்று அவர் ஒரு தடவையும் சொல்லவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு பைக்கில் ஏறி உதைத்தார். கிளம்பாமல் நின்றார்.

‘ஏறு’ என்றார்.

‘எங்க பாய்?’

‘அந்தம்மாகிட்டச் சொல்லிட்ட. என் மருமவன்கிட்ட யாரு சொல்லுவா?’

பின்னால் உட்கார்ந்து போகும்போது எங்கே பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் கைகளைத் தொடை மேல் வைத்துக்கொண்டான். என்ன சொல்லித் தொடங்குவது, தம்பி என்றா, மாப்பிள்ளை என்றா, முதலில் விரலைச் சொல்வதா, பொய்யை முதலில் சொல்வதா. விரலை முதலில் சொன்னால் பரிதாபப்படுவார்கள், பொய் அந்தப் பரிதாபத்துக்குள் ஒளிந்துகொள்ளும். பொய்யைத்தான் முதலில். விரலைச் சொல்லாமலே விட்டால்? அதைத் திருநெல்வேலியில் சொல்லிக்கொள்ளலாம், முத்துக்கிளியிடம் சொல்லிக்கொள்ளலாம், இன்றைக்கே சொல்லிவிட வேண்டும், ஆனால் இங்கே வேண்டாம். பைபாஸ் வந்துவிட்டது, ஷெட்டும் வந்துவிட்டது. உள்ளே இருபத்தைந்து வயசில் ஒரு பையன், புது வாட்ச், புதுச் செருப்பு, இவர்களைப் பார்த்ததும் எழுந்து, இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்து முன்னால் இழுத்துப் போட்டான். ‘உக்காருங்க மாமா’ என்றான் தங்கமாரியைப் பார்த்து, யார் என்றே தெரியாமல்.

தங்கமாரி உட்காரவில்லை. நின்றபடியே சொல்லத் தொடங்கினான்.